அண்ணியின் முழங்கை

எங்கள் வீட்டில் மூன்று பேர். மூவருக்கும் பிழைப்பு டிகிரியில்தான் ஓடுகிறது. அண்ணி பேக்கரியில் ரொட்டி அடுப்பைப் பார்த்துக்கொள்பவர். அவருடைய டிகிரி சூடு. அண்ணன் மரப் படிக்கட்டு செய்யும் தச்சன். அவனுடைய டிகிரி சாய்வு. நான் தெருமுனையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பிறர் படித்து வாங்கிய டிகிரிகளை நகலெடுத்து, பிளாஸ்டிக் உறை போட்டுக் கொடுப்பது என் வேலை. என்னுடையது என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. படிப்பைப் பாதியில் நிறுத்திக் கல்யாணம் செய்துவைத்தார்கள். அந்தக் கல்யாணம் அடுப்புக்குள் நன்றாக உப்பி, வெளியே எடுத்ததும் அமுங்கிப்போனது. அதிலிருந்து அண்ணன் வீட்டுக் கீழ் அறையில் இருக்கிறேன்.

ஆக, நான் நாத்தனார். நாத்தனார் என்றால் வாயாடி, சண்டைக்காரி என்று உலகத்தில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சை நான் ஒருநாளும் பொய்யாக்கியதில்லை.

அண்ணி வாட்டசாட்டமானவர். விடிவதற்கு முன்பே கிளம்பிப் போய், மதியம் புளித்த மாவு வாசனையோடு திரும்பி வருவார். வந்ததும் மின்விசிறியை முழு வேகத்தில் சுழலவிடுவார். அரை நாள் அடுப்புக்கு முன்னால் நின்றவருக்கு அது வேண்டியிருக்கிறது. எனக்கோ காற்று பட்டால் தும்மல். நான் போய்க் குறைப்பேன், அவர் கூட்டுவார், நான் மறுபடி குறைத்துவிட்டு நாலு வார்த்தை சொல்வேன். அவர் பதிலுக்கு நாலு சொன்னால் சண்டையாவது மிஞ்சும். சொல்லமாட்டார். சிரித்துவிட்டு முந்தானையால் விசிறிக்கொண்டு மாடிக்குப் போய்விடுவார். திட்டினால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், அந்தச் சிரிப்பு எனக்கு எரியும்.

என்னை இந்த வீட்டுக்கு அழைத்து வந்தது அண்ணன், வேறு வழியில்லாமல் சகித்துக்கொண்டிருப்பது அண்ணி. இப்படித்தான் நான் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அந்தச் சிரிப்புக்கு வேறு என்ன அர்த்தம் இருக்க முடியும் என்று கேட்டுக்கொள்வேன்.

பேக்கரி அடுப்பின் கதவு கீழ்நோக்கித் திறக்கும். அதன் சுருள்கம்பி இறுகிப்போய், கைப்பிடியை விட்டால் தானாகவே மேலே வந்து மூடிக்கொள்ளும். அதனால் வலது முழங்கையால் கதவைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு, இரண்டு உள்ளங்கையாலும் தட்டை இழுப்பது அண்ணியின் வழக்கம். முழங்கையில் சாக்குத்துணி சுற்றியிருப்பார். வருடக்கணக்கில் அப்படியே செய்து பழகிவிட்டார். ஒருநாள் தரையில் சிந்தியிருந்த எண்ணெயில் கால் வழுக்கி, கதவுக்கும் உள்தட்டுக்கும் நடுவில் முழங்கை மாட்டிக்கொண்டது. துணி வேறு ஈரம். ஈரத்துணி சூட்டைத் தடுக்காது, இழுத்து உள்ளே விடும். கூட வேலை செய்தவர்கள் ஓடி வந்து கதவை இறக்குவதற்குள் நடக்க வேண்டியது நடந்துவிட்டது.

தீக்காயத்துக்கும் டிகிரி உண்டு என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. முன்கையில் இரண்டாம் டிகிரி, முழங்கையின் வெளிப்பக்கம் மூன்றாம் டிகிரி என்றார் டாக்டர். என் கடைக்கு வருகிறவர்களுக்கு எண்ணிக்கை ஏற ஏறப் பெருமை. இங்கே ஏற ஏற மோசம். அண்ணி கட்டுப்போட்ட கையோடு படுத்தபடி என்னைப் பார்த்து, நம்ம வீட்டிலும் ஒருத்தி டிகிரி வாங்கிவிட்டாள், உன் கடையில் ஒரு நகல் எடுத்து மாட்டிவை என்றார். நான் சிரிக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது, அது வெளியே தெரியக்கூடாதென்று பழம் வாங்கி வருவதாகச் சொல்லிக் கீழே போய்விட்டேன்.

திரும்பி வரும்போது அண்ணன் வராந்தாவில் நின்று சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டுக்கொண்டிருந்தான். முன்கைதான் எரிகிறதாம், முழங்கையில் வலியே இல்லையாம், அதனால் பயப்பட ஒன்றும் இல்லை என்று ஒவ்வொருவருக்கும் நல்ல சேதி சொன்னான். அந்த வழியாக வந்த டாக்டர் அதைக் கேட்டு நின்றார். மூன்றாம் டிகிரி என்றால் நரம்பும் சேர்ந்து வெந்துவிட்டது, அதனால்தான் வலி தெரியவில்லை, வலிக்காத இடம்தான் பெரிய காயம் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். அண்ணன் போனைக் காதிலிருந்து எடுக்காமலே நின்றான். மறுமுனையில் யாரோ ஹலோ ஹலோ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

இதுதான் என் அண்ணன். ஊரில் அவனுக்கு ரசமட்டம் என்று பெயர். எந்த வீட்டுக்குப் போனாலும் சுவரில் சாய்ந்து தொங்கும் படத்தை நிமிர்த்திவிட்டுத்தான் உட்காருவான். அவன் செய்த படிக்கட்டில் தண்ணீர் நிரம்பிய குடத்தோடு ஏறலாம், ஒரு சொட்டுச் சிந்தாது. ஆனால் பெண்டாட்டிக்கு வலி என்றால் மட்டும் அவனுக்கு அளவெல்லாம் தப்பிவிடும்.

வெந்த தோலை எடுத்துவிட்டு, தொடையிலிருந்து தோல் உரித்து முழங்கையில் ஒட்டினார்கள். முழங்கையைவிடத் தொடைதான் அண்ணியைக் கொன்றது. போர்வை பட்டால் துடிப்பார். சிரிப்பெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. ஒருநாள் என் மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டு, உயிர் போனாலும் போகட்டும், இன்னொரு முறை என்னை உரிக்க மட்டும் விடாதே என்றார். அதுவரை அவர் என்னிடம் ஒன்றைக் கேட்டதே இல்லை. சரி என்று தலையாட்டினேன். ஏதோ என் கையில் இருப்பது போல.

புண் ஆறியது. ஆறும்போது புதுத்தோல் இறுகிக்கொண்டே போனது. கை நீளும், ஆனால் மடங்காது. அங்கேதான் பிசியோ பெண் வந்தாள். மெலிந்த உடம்பு, இரும்பு விரல்கள். அண்ணி அவளுக்குக் கைமுறுக்கி என்று பெயர் வைத்தார். வெந்நீர்த் துணியால் ஒத்தடம் கொடுத்து, எண்ணெய் தடவி, முழங்கையைக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தி மடக்க வேண்டும் என்று அண்ணனுக்குச் செய்து காட்டினாள். ஆஸ்பத்திரி தூரம் என்பதால் தினமும் வர முடியாது. வீட்டிலேயே செய்துவிட்டு அடுத்த மாதம் வந்து காட்ட வேண்டும்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில், மருந்துப் பையும் துணி மூட்டையுமாக நின்ற அண்ணனிடம் அவள் சொன்னதை நானும் கேட்டேன்.

"அடுத்த மாசம் பெரிய டாக்டர் பார்ப்பார். கையை நூறு டிகிரிக்குக் கொண்டுவந்துடுங்க. வரலைன்னா மறுபடியும் கீறி, தோல் வச்சுத்தான் ஆகணும்."

அண்ணன் அவள் சட்டைப்பையிலிருந்த அளவுகோலைப் பார்த்தான். இரண்டு பிளாஸ்டிக் பட்டை, நடுவில் ஒரு திருகு, சுற்றிலும் எண்கள். அவன் முகம் தெளிந்தது. பல நாளுக்குப் பிறகு அவனுக்குத் தெரிந்த ஒரு பொருளை அந்தக் கட்டடத்தில் பார்த்துவிட்டான். இதுக்கு மேடம் எதுக்கு, நானே பார்த்துக்குவேன் என்றான்.

அன்று சாயங்காலமே தேக்குத் துண்டில் அதே போல் ஒன்று செய்தான். செதுக்கி, இழைத்து, பித்தளைத் திருகு போட்டு, கோணங்களைப் பேனாக்கத்தியால் கீறி, கீறலில் மை தடவினான். அண்ணியின் கையில் சிராய் குத்தக்கூடாதென்று ஓரத்தையெல்லாம் உருட்டிவிட்டான். அப்படியொரு அளவுகோலை எந்த ஆஸ்பத்திரியிலும் பார்க்க முடியாது.

முதல்நாள் வைத்துப் பார்த்தான். நூற்றிருபது. நூறுக்கு வர இன்னும் இருபதுதான், வந்துவிடும் என்றான்.

அந்த இருபது லேசில் வரவில்லை. காலையில் நான் கடைக்குக் கிளம்பும் நேரத்தில்தான் ஆரம்பிப்பார்கள். அண்ணி துண்டைப் பல்லில் கடித்துக்கொள்வார். அண்ணன் ஒரு கையால் புஜத்தைப் பிடித்து, இன்னொரு கையால் மணிக்கட்டை அவர் தோளை நோக்கித் தள்ளுவான். அண்ணியின் கண்ணில் நீர் வழியும். அண்ணனுக்கு அதைவிட அதிகமாக வழியும். வலிக்குதா, வலிக்குதா என்று கேட்டபடியே அழுத்துவான். வலிக்காமல் என்ன செய்யும். நான் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடிவிடுவேன். இரவில் அவன் தூங்குவதில்லை என்பது மாடியில் கேட்கும் காலடியில் தெரியும். கன்னம் ஒட்டிப்போனது. ஒரு படிக்கட்டை அளவு தப்பி அறுத்துவிட்டான் என்று கேள்விப்பட்டபோது எனக்கே பயமாகிவிட்டது.

சாப்பாடும் அவனே ஊட்டினான். இடது கை சும்மாதானே இருக்கிறது என்று நான் கேட்டேன். இருக்கிறது, உன் அண்ணன் விட்டால்தானே என்றார் அண்ணி.

பிறகு ஒருநாள் கடையில் ஒரு பட்டதாரிக்கு உறை போட்டுக்கொண்டிருந்தபோது அண்ணன் மூச்சிரைக்க ஓடி வந்தான். கையில் அந்தத் தேக்கு அளவுகோல். எந்த முள்ளும் இல்லாத அதில் ஏதோ முள் நிற்பது போல, திருகைப் பெருவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நீட்டினான். நூறு. பட்டதாரி அதை எட்டிப் பார்த்துவிட்டு, என்ன படிப்பு சார் என்று கேட்டார். அவருக்கு யார் விளக்குவது. அந்த மகிழ்ச்சியில் சான்றிதழை ஒரு பக்கம் சுருக்கம் விழ ஒட்டிவிட்டேன்.

அன்றிலிருந்து அண்ணன் அழுத்துவதை நிறுத்திவிட்டான். நூறு வந்துவிட்டது, இனிமேல் வந்ததைக் காப்பாற்றினால் போதும் என்றான். காலையில் ஒத்தடம் கொடுப்பான், எண்ணெய் தடவுவான், நூறு வரைக்கும் மெதுவாக மடக்கி நீட்டுவான். துண்டு கடிப்பது நின்றது. மாடியில் காலடி நின்றது. அவன் குறட்டை கீழ் அறைக்குக் கேட்டது. அந்தக் குறட்டையைப் பற்றி எத்தனையோ முறை புகார் சொன்னவள் நான், அப்போது கேட்கக் கேட்க நிம்மதியாக இருந்தது. அண்ணி மட்டும் சில சமயம் தன் விரல் நுனியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். களைப்பு என்று நினைத்தேன்.

அடுத்த மாதம் மூவருமாகப் போனோம். அண்ணன் அளவுகோலைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டான். கைமுறுக்கியிடம் காட்ட வேண்டுமாம்.

அவள் அண்ணியை உட்காரவைத்து, கையை மடக்கச் சொல்லி, தன் பிளாஸ்டிக் பட்டையை வைத்தாள். எண்பது என்றாள்.

அண்ணன் சிரித்தான். நூறு மேடம், தினமும் அளக்கிறேன் என்று துணியை அவிழ்த்து, தேக்கை எடுத்து, அதே முழங்கையில் வைத்தான். நூறு காட்டியது. அவள் மறுபடி தன்னுடையதை வைத்தாள். எண்பது காட்டியது. கை ஆடவில்லை. இரண்டு அளவுகோலும் பொய் சொல்லவில்லை.

அவள்தான் முதலில் புரிந்துகொண்டாள். குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அண்ணா, கை நேரா நீட்டியிருந்தா நீங்க எத்தனைன்னு வைப்பீங்க?"

"நூத்தியெண்பது. நேர்க்கோடுதானே."

"நாங்க அதைப் பூஜ்யம்னு வைப்போம். அங்கிருந்து எவ்வளவு மடங்குதுன்னு எண்ணிட்டு வருவோம்."

தச்சனுக்கு நேர்க்கட்டை நூற்றியெண்பது. மடங்க மடங்கக் குறையும். அவளுக்கு நேரான கை பூஜ்யம். மடங்க மடங்க ஏறும். அவள் சொன்ன நூறு, அண்ணனுடைய கோலில் எண்பது. நாற்பது டிகிரி போக வேண்டிய பயணத்தில் இருபதிலேயே ஊர் வந்துவிட்டது என்று பெட்டியோடு இறங்கி நின்றிருக்கிறோம். வேறு யாராக இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து கேட்டிருப்பார்கள். கோணம் என்பது இவனுக்குக் கைவந்த கலை, அதனால் கேட்கத் தோன்றவில்லை. வலி நிற்க வேண்டும் என்று வேறு இருந்தான், அதனால் சந்தேகமும் தோன்றவில்லை.

கைமுறுக்கி திட்டவில்லை. பெரிய டாக்டரிடம் பேசி மூன்று வாரம் தள்ளிவைப்பதாகவும், அதற்குள் நூறு தாண்டினால் கத்தி வேண்டாம் என்றும் சொன்னாள். ஆனால் சும்மா விட்டதில் தோல் இன்னும் இறுகிவிட்டது, முன்பைவிட வலிக்கும் என்றாள்.

பேருந்து நிறுத்தத்தில் அண்ணன் அளவுகோலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வீட்டுக்கு வந்ததும் நான் ஆரம்பித்தேன். எனக்குப் பயம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும். மரத்தை அளப்பதும் மனுஷியை அளப்பதும் ஒன்றா, ஒரு போன் போட்டுக் கேட்டால் உன் கிரீடம் இறங்கிவிடுமா, ரசமட்டமாம் ரசமட்டம் என்று என் வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான். அண்ணிதான் போதும் என்று என்னை நிறுத்தினார்.

"அவரைச் சொல்லாதே. எனக்குத் தெரியும்."

என்ன தெரியும் என்று கேட்டேன்.

"நூறு வந்தா விரல் நுனி மோவாயைத் தொடும்னு அந்தப் பொண்ணு ஆஸ்பத்திரியிலேயே என்கிட்ட சொல்லுச்சு. தொடலை. எங்கேயோ தப்புன்னு தெரிஞ்சுது. ஆனா இவர் அன்னிக்குத்தான் தூங்க ஆரம்பிச்சிருந்தார்." விரல் நுனியைத் தடவியபடி, "எனக்கும் வலியில்லாம இருந்தது நல்லா இருந்துச்சு" என்றார்.

அண்ணன் எழுந்து பின்பக்கம் போய்விட்டான். போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதான். எங்களுக்குக் கேட்டது. குழாய் சத்தத்தில் அழுகிறவர்களுக்கு மட்டும்தான் அது கேட்காது.

மறுநாள் காலை அவன் ஒத்தடம் கொடுத்து, எண்ணெய் தடவி, மணிக்கட்டைப் பிடித்தான். தள்ளினான், அண்ணி முனகியதும் விட்டுவிட்டான். மறுபடி பிடித்தான், மறுபடி விட்டான். என்னால் முடியவில்லை என்றான். உளியைப் பிடித்தால் மயிரிழை பிசகாத கை அது. அந்தக் கையை அவன் மறு உள்ளங்கையால் மூடிக்கொண்டு உட்கார்ந்ததைப் பார்க்க எனக்கு என்னவோ போல் இருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு நின்ற என்னை அண்ணி கூப்பிட்டார்.

"நீ பண்ணு."

நானா என்றேன்.

"இந்த வீட்டுல என்மேல இரக்கமில்லாதவ நீ ஒருத்திதான். எனக்கு இப்ப அதான் வேணும்."

சிரிக்காமல்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் செருப்பைக் கழற்றினேன். ஆஸ்பத்திரியில் தலையாட்டியது நினைவுக்கு வந்தது. அண்ணன் தெருவுக்குப் போய்விட்டான்.

முதல் அழுத்தத்தில் அண்ணி துண்டைத் துப்பிவிட்டுக் கத்தினார். நான் விடவில்லை. விட்டால் மறுபடி பிடிக்க எனக்கும் தைரியம் வராது. அவருடைய கவனத்தைத் திருப்ப எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்; விசிறி விஷயத்தை எடுத்தேன். ராத்திரியெல்லாம் நான் தும்மியே சாகிறேன், உங்களுக்குக் காற்று கேட்கிறது என்றேன். இத்தனை வருடம் சிரித்துவிட்டுப் போனவர், அன்றைக்கு வலியில் பதில் சொன்னார். நாள் முழுக்க நீ அடுப்புக்கு முன்னால் நின்று பார், அப்புறம் பேசு என்றார். எனக்கு உள்ளுக்குள் ஒரு உற்சாகம். நான் ஒன்று சொன்னேன், அவர் இரண்டு சொன்னார். அவர் சொல்லச் சொல்ல நான் அழுத்தினேன்.

அப்புறம் அதுவே எங்கள் வைத்தியமாகிவிட்டது. துண்டு தேவைப்படவில்லை. நான் குளியலறை வாளியைக் கவிழ்த்து வைக்காதது, என் கடைப் பசை நாற்றம், அவருடைய தம்பி கல்யாணத்துக்கு நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனது எல்லாம் வெளியே வந்தன. எதையும் மறக்கவில்லை அந்த மனுஷி. இத்தனையையும் வாய்க்குள் அடக்கி வைத்துக்கொண்டா சிரித்தார் என்று ஆச்சரியப்பட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாள் கதவைத் தட்டி, நாத்தனாரும் அண்ணியும் இப்படியா அடித்துக்கொள்வது, அதுவும் கை முடியாதவரோடு என்று எனக்குப் புத்தி சொன்னார். அண்ணி உள்ளேயிருந்து, அவளை விடுங்க, எனக்கு இன்னும் பாக்கி இருக்கு என்று குரல் கொடுத்தார்.

அண்ணன் தன் தேக்குக் கோலில் இருந்த எண்களைச் சுரண்டிவிட்டு, நேர்க்கோட்டில் பூஜ்யம் வைத்துப் புதிதாகக் கீறினான். சாயங்காலம் வந்து அளப்பான். எண்பத்தைந்து வந்தது. தொண்ணூறு வந்தது. தொண்ணூற்றிரண்டில் போய் நின்றுவிட்டது. நாலைந்து நாள் ஆகியும் நகரவில்லை. மூன்றாவது வாரம் பிறந்துவிட்டது. அண்ணி இரவில் தன் தொடையில் தோல் உரித்த இடத்தைத் தடவிக்கொண்டிருப்பதை மாடிப்படியில் வரும்போது பார்த்தேன்.

மறுநாள் காலை வழக்கமான சண்டை எதுவும் பலிக்கவில்லை. விசிறிக்கும் வாளிக்கும் அவர் அசையவில்லை, கை கல் போல் நின்றது. வேறு வழியில்லாமல், அதுவரை நான் தொடாத இடத்தைத் தொட்டேன். நான் இந்த வீட்டில் இருப்பது உங்களுக்குப் பிடிக்கவில்லை என்று எனக்குத் தெரியும், அண்ணனுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறீர்கள் என்றேன். சொல்லிக்கொண்டே அழுத்தினேன். வைத்தியத்துக்காகத்தான் சொன்னேன். ஆனால் அது பொய்யில்லை.

அண்ணிக்கு முகம் சிவந்துவிட்டது.

"உங்க அண்ணனா? நீ உன் புருஷன் வீட்டுல சாப்பிடாம கிடக்கிறேன்னு சேதி வந்தப்போ, கொஞ்ச நாள் போகட்டும், தானா சரியாகும்னு அவர் ஆறப்போட்டார். கீழ் ரூமைக் காலி பண்ணி, வெள்ளையடிக்க ஆளைப் பிடிச்சது நான். போய் அவளைக் கூட்டிட்டு வாங்க, இல்லைன்னா நான் போறேன்னு சட்டையை எடுத்து அவர் கையில கொடுத்தது நான்."

என் கை தளர்ந்துவிட்டது.

அந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. அண்ணன் வந்து வாசலில் நின்றான், கிளம்பு என்றான், நான் கிளம்பினேன். வழி முழுக்க அவன் ஒன்றும் பேசவில்லை. இந்த வீட்டில் நுழைந்தபோது அறையில் சுண்ணாம்பு ஈரம் காயவில்லை, மேசைமேல் ஒரு ரொட்டி சூடாக இருந்தது. அண்ணி சிரித்தார், ஒன்றும் கேட்கவில்லை, மாடிக்குப் போய்விட்டார். அந்தச் சிரிப்பைத்தான் இத்தனை வருடமாக நான் தப்பாக அளந்து வைத்திருந்தேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்க நினைத்தேன். அழுகைதான் வந்தது. நான் அழுவதை அண்ணி பார்த்துவிட்டார். அவருக்கும் கண் நிறைந்திருந்தது, வலியோ வேறென்னவோ.

"சொல்லிக் காட்டவா கூட்டிட்டு வரச் சொன்னேன்? விடாதே. அழுத்து."

பிடித்தேன். கண் மறைத்தது. அவர் மணிக்கட்டை அவர் தோளை நோக்கித் தள்ளினேன். அவர் என் தோளை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு கத்தினார். நானும் கத்தினேன். தோல் ஏதோ ஒரு இடத்தில் இளகிக் கொடுத்தது, என் உள்ளங்கைக்கே தெரிந்தது. அவருடைய நடுவிரல் வந்து அவர் மோவாயில் பட்டது. இருவரும் அந்த விரலையே பார்த்துக்கொண்டு அசையாமல் இருந்தோம்.

ஆஸ்பத்திரியில் கைமுறுக்கி அளவுகோலை வைத்து, எடுத்து, மறுபடி வைத்தாள். நூற்றிமூன்று என்றாள். பெரிய டாக்டர் வந்து அவரும் மடக்கிப் பார்த்தார். கத்தி வேண்டாம் என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அண்ணன் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான். யார் செய்துவிட்டது இதை என்று கைமுறுக்கி கேட்டாள். என் நாத்தனார் என்றார் அண்ணி. என் விரல்களைப் பிடித்துப் பார்த்துவிட்டு, கையில் நல்ல பலம் இருக்கிறது என்றாள் அவள். கையில் இல்லை, வாயில் என்றார் அண்ணி.

கரண்டி வாய்க்கு எட்ட நூற்றிமுப்பது வேண்டுமாம். அது மெதுவாக வரட்டும், அவசரமில்லை, இனி வலிக்க வலிக்கச் செய்ய வேண்டியதில்லை என்று சொல்லி அனுப்பினாள்.

அதனால் மறுநாள் காலை எனக்கு மாடியில் வேலை இல்லை. பழையபடி கடைக்குக் கிளம்பினேன். செருப்பை மாட்டினேன். கதவைத் திறந்தேன். அப்புறம் செருப்பைக் கழற்றிவிட்டு, வெந்நீர் வைத்து, துணியை நனைத்துப் பிழிந்து எடுத்துக்கொண்டு படியேறினேன். நான் வருவேன் என்று தெரிந்தவர் போல அண்ணி எண்ணெய்க் கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கையை நீட்டினார்.

"வா. சண்டையை எதுல விட்டோம்?"